மனசு இலை உதிர்க்கும் காலம்: வெள்ளிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து (எஸ்டேட்) மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமைதோறும் தேவார வகுப்பு எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாட வருவது பிள்ளைகள். கேள்வியோடு வருவது அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும். செருப்பை மாட்டிக்கொண்டே, "டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். பிள்ளை மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கும். பாதியில் கிளம்பிவிடுவார்கள்.

அப்படிப் பாதியில் நின்ற பதில்கள்தான் இவை. எழுதி வை, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்றாள் மகள். நான் சாமியாரும் இல்லை, டாக்டரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"ஒண்ணுமே பிடிக்கல டீச்சர். வேலைக்குப் போறேன், வரேன், சாப்பிடுறேன், படுக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

என் அப்பா பால்வெட்டு, ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. பிப்ரவரி, மார்ச் வந்தால் ரப்பர் மரம் இலையைக் கொட்டும். வருஷம் முழுக்க இருட்டாக இருக்கும் நிரைக்குள் திடீரென்று வெயில் அடிக்கும். காலடியில் சருகு நொறுங்கும். மங்கில், அதாவது பால் வடிகிற கிண்ணத்தில், பாதிகூட நிறையாது. புதியவர்கள் பயந்துபோய் உளியை அழுத்துவார்கள். அப்பா திட்டுவார்: "மரம் இப்ப தனக்கு இலை கட்டிக்கிட்டு இருக்கு. உனக்குப் பால் கொடுக்க அதுகிட்ட எங்க இருக்கு?" புது இலை முற்றும்வரை சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்துக் கோலக்கங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. அது எத்தனை முறை மொட்டையாக நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொல்வது பல சமயம் இப்படிப்பட்ட காலம்தான். ஒரு சாவு, ஒரு கடன், ஒரு பிரிவு, சில சமயம் காரணமே தெரியாத களைப்பு. "பல சமயம்" என்றுதான் சொன்னேன், "எப்போதும்" என்று சொல்லவில்லை. கடைசிக்கு முந்தின கேள்வியையும் கட்டாயம் படியுங்கள்.

"ஓய்வு எடுங்கன்னு சுலபமா சொல்றீங்க. ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு. நாங்க எங்க ஓய்வு எடுக்கிறது?"

நியாயம். நான் லீவு போடச் சொல்லவில்லை. ரப்பரிலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை இருக்கிறது. தினமும் ஆழமாக வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். அப்புறம் மாதக்கணக்கில் அந்த மரத்தைத் தொடவே முடியாது. மனிதருக்கும் இடையில் விடும் அந்த நாள் வேண்டும். நாளாகக் கிடைக்காவிட்டால் கால் மணி நேரமாவது.

கால் மணி நேரம் என்றால் போன் பார்ப்பது இல்லை. படுக்கையில் கிடந்து ஒரு மணி நேரம் டிக்டாக் தள்ளிவிட்டு எழுந்தால் கண்தான் எரியும். எங்கள் கோவிலில் பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும், பூசாரி உண்டியல் பக்கத்து விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைப்பார். அந்த நேரத்தில் தூணில் சாய்ந்து உட்காருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள், வேண்டாதீர்கள். கற்பூர வாசம் அடங்குகிறதா, வெளியே செம்பனை லாரி போகிறதா, காதில் விழட்டும். மூச்சு வருகிறது போகிறது, அவ்வளவுதான். முதல் வாரம் அலுப்பாக இருக்கும். கொசு வேறு. இரண்டு மூன்று வாரம் கழித்து, எழுந்து போக மனசு வராத ஒரு நாள் வரும். நான் ஓய்வு என்று சொல்வது அதைத்தான்.

கோவில் தூரம் என்றால் வீட்டு விளக்கின் முன் உட்காருங்கள். அதுவும் முடியாதவர்கள் காலையில் வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது கொஞ்சம் மெதுவாகத் தெளியுங்கள்.

"சாமி முன்னாடி நின்னாலும் மனசு ஒட்டல. எனக்குப் பக்தி போயிடுச்சா?"

அப்பர் பாடிய முதல் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்தத்தில் பாடியதில்லை அது. வயிற்றில் சூலை நோய் முறுக்க, திருவதிகையில் வந்து விழுந்து, இந்த வலியை ஏன் விலக்கமாட்டேன் என்கிறாய் என்று பாடினார். சைவத்தின் பெரிய பாட்டுக்காரரே தொடங்கியது வலியிலிருந்துதான். ஒட்டாத மனசோடு வந்து நிற்பதும் வருவதுதான். வாய் பாடட்டும். மனசு பின்னால் நடந்து வரும், அவசரம் இல்லை.

"நாங்க மாதா கோவிலுக்குப் போறவங்க. விசுவாசம் இருந்தா சோர்வு வரக்கூடாதுன்னு வீட்ல சொல்றாங்களே?"

நான் இருக்கிற தாமானில், அதாவது குடியிருப்பில், பக்கத்து வீட்டு அக்கா கேட்டது. உங்கள் வேதாகமத்திலேயே பதில் இருக்கிறது அக்கா என்று சொன்னேன். நீங்கள்தான் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒன்று கொடுத்தீர்கள்! எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். விசுவாசம் இல்லாதவரா அவர்? தூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார். இரண்டாவது முறையும் சாப்பாடுதான் கொடுக்கிறான். ஓரேப் மலையில் கடவுள் பேசுவதெல்லாம் அப்புறம்.

ஆகவே சோர்ந்த ஆளைப் பார்த்ததும் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள். நம் ஊரில் அதைத்தானே தினமும் கேட்கிறோம், கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காமல் போகிறோம்.

"ஏழரைச் சனியாம். பரிகாரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) கேக்குறாங்க. பண்ணட்டுமா?"

வேண்டாம். கடன் வாங்கி என்றால் கண்டிப்பாக வேண்டாம். சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை. கணக்குப் போட்டால் உலகத்தில் நாலில் ஒருவருக்கு எப்போதும் ஏழரைதான் நடந்துகொண்டிருக்கும். அத்தனை பேரும் படுத்துவிடவில்லை.

சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பியபோது, நாளும் கோளும் சரியில்லை, போகவேண்டாம் என்று அப்பர் தடுத்தார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பினார். வேதாரண்யத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். அதைப் பாடக் காசு ஆகாது. வெள்ளிக்கிழமை வாருங்கள், சொல்லித் தருகிறேன்.

"தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கட்டுமா? அப்பவாவது விடியுமா?"

எடுக்கலாம். ஆனால் உடம்பைப் பாருங்கள். ஏற்கெனவே சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல் இருக்கிறவர் கடும் விரதம் இருந்தால் உடம்பு தாங்காது. ஒரு பால்குடம் போதும். அதுவும் முடியாவிட்டால் ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்கு வந்து, காவடி எடுக்கிறவர் பக்கத்தில் தண்ணீர் போத்தலோடு நடங்கள். வேண்டுதல் வியாபாரம் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். பெரியவர்களுக்குச் சொல்லத் தயக்கம், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"கடவுள் மேல கோவமா இருக்கு. திட்டினா பாவமா?"

இதை மட்டும் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். சுந்தரர் கதையைப் பாருங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, அவரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி ஊரைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவர் மேல்தான், அவருக்கும் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டே நடந்தார். காஞ்சியில் ஒரு கண் வந்தது. திருவாரூர் வந்து, உன் அடியார் இப்படித் தடுமாறும்போது நீ மட்டும் நன்றாக இருந்துகொள் என்கிற மாதிரி, "வாழ்ந்து போதீரே" என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் குத்தினார். மற்றக் கண் அங்கேதான் கிடைத்தது.

அந்தப் பதிகத்தை நாம் இன்றைக்கும் கோவிலில் பாடுகிறோம். கோபத்தையும் தேவாரத்தில் சேர்த்து வைத்தவர்கள் நம் ஆட்கள். திட்டுங்கள். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

"வீட்டுக்காரர் போயிட்டாரு, புள்ளைங்க சிங்கப்பூர்ல. நான் இன்னும் எதுக்கு இருக்கேன் டீச்சர்?"

பதில் சொல்ல எனக்கு அதிக நாள் பிடித்த கேள்வி இது. முதல் தடவை கேட்டவரிடம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சொல்லிவைத்தேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், எனக்கே வெட்கமாகிவிட்டது.

இப்போது திலகவதியார் கதையைச் சொல்கிறேன். அப்பரின் அக்கா. திருவாமூரில் பெற்றோர் இருவரும் போய்விட்டார்கள். நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்த செய்தி வருகிறது. மணம் நடக்காவிட்டாலும் அவருக்கென்று ஆன உயிர் இது, நானும் போகிறேன் என்கிறாள். சின்னத் தம்பி காலில் விழுந்து, நீயும் போனால் நான் உனக்கு முன்னால் போய்விடுவேன் என்று அழுகிறான். அதனால் இருந்தாள். அவ்வளவுதான் காரணம். பெரிய இலட்சியம் ஒன்றும் அவளுக்கு அன்றைக்குத் தோன்றியதாகக் கதையில் இல்லை. அந்தத் தம்பியும் வளர்ந்து அக்காவை விட்டுச் சமணத்துக்குப் போய்விட்டான். அப்போது அவள் என்ன செய்தாள்? திருவதிகைக் கோவிலில் விடியுமுன் அலகிட்டாள், மெழுகினாள், பூ எடுத்துத் தொடுத்தாள். இப்படி எத்தனை வருஷம்! சூலை நோயோடு தம்பி திரும்பி வந்த இரவில், திருநீற்றோடு அக்கா அங்கே இருந்தாள். அவள் அன்றைக்குப் போயிருந்தால் அப்பர் இல்லை, உழவாரம் இல்லை, நாம் பாடும் பாட்டில் எவ்வளவோ இல்லை.

அந்த அக்கா கூட்டும்போது இதெல்லாம் தெரிந்து கூட்டவில்லை. ஆகவே, எதற்கு இருக்கிறேன் என்ற கேள்விக்கு உட்கார்ந்து யோசித்துப் பதில் தேடாதீர்கள். நான் பார்த்தவரை யோசித்து யாருக்கும் அது கிடைக்கவில்லை. ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னதாக, நீங்கள் வராவிட்டால் இன்னொருவர் கவனிக்கிற மாதிரி ஒன்று. நான் மேலே சொன்ன அந்த அம்மாவுக்குக் கோவில் எண்ணெய்க் கிண்ணங்களைக் கழுவும் வேலை கொடுத்தோம். முப்பத்தாறு கிண்ணம், சாம்பலும் புளியும் போட்டு. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. பூசாரி மோட்டார் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய், "என்னம்மா, கிண்ணமெல்லாம் பிசுக்கா கிடக்கு" என்று கேட்டார். அன்றைக்குத் தலைவலி என்று படுத்திருந்தாராம். ஒரு ஆள் தேடி வந்ததும் எழுந்து காப்பி கலக்கினாராம். இன்றைக்கும் அவர்தான் கழுவுகிறார், வேறு யாரையும் தொட விடுவதில்லை. அதுதான் இப்போது எங்களுக்குப் பிரச்சினை.

"தோட்டமே போச்சு. நாங்க குடியிருந்த லயத்து வீடுகளை இடிச்சு, கோவிலையும் இடம் மாத்திட்டாங்க. புதுக் கோவில்ல சாமி இருக்கிற மாதிரியே தெரியல."

இதை மனச்சோர்வு என்று சொல்லாதீர்கள், இது துக்கம். ஆள் செத்தால் பதினாறு நாள் துக்கம் காக்கிறோம். இடம் செத்தால் லாரியில் சாமானை ஏற்றி மறுநாளே வேலைக்குப் போகிறோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், பால் கொட்டகை, பிள்ளைத்தொட்டில் கட்டின விட்டம் எல்லாம் ஒரே வாரத்தில் மண்ணாகும்போது அழாமல் என்ன செய்வது? எங்கள் லயம் இடிந்த அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் ஓட்டில் ஒன்றை எடுத்து வந்தேன். துளசி மாடத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். அசட்டுத்தனம் என்று மகன் சொல்வான், இருக்கட்டும்.

நம் ஊருக்கு இது முதல் முறை இல்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் துண்டு போட்டபோது ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். சொந்தத்துக்கு ஒரு வீடு இல்லாதவர்கள் போட்ட காசு அது. புதுக் கோவிலில் சாமி தெரியவில்லை என்றால், பழைய லயத்து ஆட்களில் நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு ஆடி வெள்ளி கூழ் ஊற்றுங்கள். அம்மன் எங்கே போய்விடப் போகிறாள்? பழகிய முகங்களைக் காணோம் என்பதுதான் பாதிக் குறை.

"மகன் ரூமை விட்டு வரமாட்டேங்கிறான். கையைப் பிடிச்சுக் கோவிலுக்கு இழுத்துட்டு வரட்டுமா?"

வேண்டாம். இழுத்து வந்தவன் கோவிலை வெறுப்பான். எலியா கதையைப் படியுங்கள், சாப்பாடு முதலில். தட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போகாமல், அவனோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அறிவுரை வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட வேண்டாம். பேசாமல் ரொட்டி சானாய் பிய்த்துத் தின்றாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். அப்புறம் அடுத்த கேள்விக்குப் போங்கள், அது அவனுக்கும் பொருந்தும்.

"இது சாமி விஷயமா, டாக்டர் விஷயமா? எப்படித் தெரியும்?"

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்து, தூக்கம் கெட்டு அல்லது எந்நேரமும் தூங்கி, பசி போய், பிடித்தது எதுவும் பிடிக்காமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். வெட்கப்பட்டுக்கொண்டு தலைவலி என்று சொல்லி பனடோல் வாங்கி வராதீர்கள். மனசு சரியில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். எனக்கே இது நடந்தது. என் கணவர் போன அடுத்த வருஷம் எழவே முடியாத களைப்பு. துக்கம் என்றே நினைத்து எட்டு மாதம் விளக்கின் முன் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு குறைவு. துக்கமும் இருந்தது, தைராய்டும் இருந்தது. மாத்திரை எடுத்த பிறகு துக்கம் துக்கத்தின் அளவுக்கு மட்டும் இருந்தது.

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்லுங்கள். போனில் மனம் விட்டுப் பேச, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. ஆபத்து உடனே என்றால் 999. போலீஸ் பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள். வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் புல்லுக்கு அடிக்கும் மருந்து இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். தோட்டப்புறத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"அப்ப நீங்க முழுசாத் தேறிட்டீங்களா டீச்சர்?"

போன மாதம் ஒரு பத்து வயசுப் பிள்ளை கேட்டது. அவளுடைய அம்மா அவளை அதட்டினாள், நான் தடுத்தேன்.

இல்லை பாப்பா. சில வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே மனசு சொல்லும், இன்றைக்கு வகுப்பு வேண்டாம், ஜுரம் என்று குரூப்பில் போட்டுவிடு என்று. போடவும் செய்திருக்கிறேன், இரண்டு தடவை. மற்ற நாளில் சாவி என்னிடம் இருக்கிறதே என்றுதான் கிளம்புவேன். புத்தக அலமாரிச் சாவி. அது இல்லாமல் நீங்கள் வாசலில் நிற்பீர்கள். போய்ச் சேரும்போது உங்களில் யாராவது ஒருத்தி முன்னாலேயே வந்து, பாய் விரித்து, ஓரம் சுருண்டிருப்பதைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்பாள்.

சாவியில் இன்னொன்று செய்து வைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.